பொழுதுபோக்கு: ஒரு சொல்லும் அதன் பொருள் மாற்றங்களும்

பொழுதுபோக்கு என்பது, வேலையில்லா நேரத்தை மகிழ்ச்சியாகக் கழிப்பதற்காக மனிதர் மேற்கொள்ளும் செயல்களையும், அதற்காகப் பிறர் நிகழ்த்திக் காட்டும் கலைகளையும் குறிக்கும் சொல். ஆங்கிலத்தில் என்டர்டெயின்மென்ட் எனப்படுவதற்கு இன்று நாம் வழங்கும் சொற்களில் இதுவே முதன்மையானது. கேளிக்கை, களியாட்டம், வேடிக்கை, விளையாட்டு, கூத்து, தமாஷ் ஆகியவையும் ஏறத்தாழ இதே பொருள் எல்லைக்குள் வருகின்றன. ஆனால் இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைக்கத்தக்க சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாழ்க்கை முறையிலிருந்து வந்தது. சில உயர்ந்த பொருளில் தொடங்கித் தாழ்ந்தன. சில வேறு பொருளுக்கு நகர்ந்துவிட்டன.

ஒரு சமூகம் ஆடலையும் பாடலையும் எந்தப் பெயரால் அழைக்கிறது என்பதைப் பொறுத்தே அவற்றை நிகழ்த்துவோரின் மதிப்பும் வருவாயும் அமைகின்றன. அரசு விதிக்கும் வரியும் அந்தப் பெயரையே பின்பற்றுகிறது. ஆகவே இச்சொற்களின் வரலாறு கலைஞர்களின் வரலாறும் ஆகும்.

சொற்களின் அமைப்பு

பொழுதுபோக்கு என்பதில் பொழுது, போக்கு என இரு சொற்கள் உள்ளன. பொழுது என்றால் காலம். போக்குதல் என்றால் கழித்தல், செலவிடுதல். மகிழ்ச்சி என்ற பொருள் இச்சொல்லுக்குள் நேரடியாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலம் கழிவதை மட்டுமே அது சொல்கிறது. பிரெஞ்சு மொழியின் பாஸ்-தாம், ஆங்கிலத்தின் பாஸ்டைம் ஆகியவையும் இதே அமைப்புடையவை. 'பொழுது போகவில்லை' என்று ஒருவர் சொன்னால், காலம் அவருக்குச் சுமையாக இருக்கிறது என்று பொருள். அந்தச் சுமையை இறக்குவதே பொழுதுபோக்கு. பள்ளிக் கட்டுரைகளில் 'எனது பொழுதுபோக்கு' என்று எழுதும்போது இதே சொல் தபால்தலை சேகரித்தல், தோட்டம் வளர்த்தல் போன்ற விருப்பச் செயல்களைக் குறிக்கிறது. திரைப்படத்தைக் குறிக்கும்போதோ பிறர் செய்வதைப் பார்ப்பது என்ற பொருள் வருகிறது. தானே செய்வதற்கும் பிறர் செய்யப் பார்ப்பதற்கும் தமிழில் இன்று ஒரே சொல்தான்.

கேளிக்கை என்பதை, விளையாட்டு என்னும் பொருளுடைய 'கேளி' என்ற வடசொல்லோடு தொடர்புடையதாக அகராதிகள் காட்டுகின்றன. ஆடலும் மகிழ்ச்சியும் இதன் பழைய பொருள்கள். களியாட்டம் என்பதில் உள்ள களி, மகிழ்ச்சியையும் கள்ளுண்ட மயக்கத்தையும் சேர்த்தே குறிக்கும் சொல். வேடிக்கை, தெலுங்கின் 'வேடுக' என்பதோடு உறவுடையது. விழாக்கால மகிழ்ச்சி என்ற அதன் பொருளை வாணவேடிக்கை என்ற தொடர் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. தமாஷ், அரபியில் தோன்றி, பாரசீகம், உருது வழியாக இந்திய மொழிகளுக்கு வந்தது. பாரசீகத்தில் அது காட்சியையும் காட்சி பார்க்கச் செல்வதையும் குறித்தது. மராத்தியில் தமாஷா என்பது ஒரு நாட்டுப்புற நாடக வடிவத்தின் பெயர். தமிழில் அது சுருங்கி, சிரிப்புக்காகச் சொல்லும் பேச்சு என்றாகிவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் பயணம்

நாம் மொழிபெயர்க்க முயலும் ஆங்கிலச் சொல்லும் நிலையாக நிற்கவில்லை. என்டர்டெயின் என்ற வினைச்சொல் பழைய பிரெஞ்சின் 'ஆந்த்ரத்னீர்' என்பதிலிருந்து 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் லத்தீன் வேர்கள் இன்டர் (இடையே), தெனேரே (பிடித்தல்) என்பன. ஒன்றாகப் பிடித்து வைத்தல், தாங்குதல், பேணுதல் என்பனவே முதற்பொருள்கள்.

அக்கால ஆங்கிலத்தில் ஒருவரை வேலைக்கு அமர்த்தி ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்வதற்கும் இதே சொல் பயன்பட்டது. ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தில், அரசன் ஒருவனைத் தன் நூறு வீரர்களுள் ஒருவனாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லும் இடத்தில் இச்சொல்லே வருகிறது. அங்கே சிரிப்போ களிப்போ இல்லை. விருந்தினரை வரவேற்று உணவளித்துப் போற்றுவது மற்றொரு பொருள். ஒரு கருத்தை மனத்தில் இடங்கொடுத்து வைத்திருப்பது இன்னொன்று. நீதிமன்றம் ஒரு மனுவை விசாரணைக்கு ஏற்பதை இன்றும் ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பர். மகிழ்வித்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதியில் விருந்து, உபசரிப்பு, படைவீரர் ஊதியம், மகிழ்வு, நாடகக் காட்சி ஆகிய பொருள்கள் ஒரே சொல்லின் கீழ் அருகருகே நிற்கின்றன. அதற்குப் பின் முன்னவை தேய்ந்து, பின்னவை வளர்ந்தன.

பேணுதல் என்ற பொருளில் தொடங்கி மகிழ்வித்தல் என்ற பொருளில் முடிந்த பயணம் இது. தமிழில் இதற்கு இணையான சொல் ஒன்று இல்லை. ஆனால் ஆடுவோரைப் பேணுவதும் அவர்கள் ஆடலில் மகிழ்வதும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த காலம் தமிழகத்திலும் இருந்தது.

பழந்தமிழில் விளையாட்டும் கூத்தும்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் களங்கள் நான்கு என்று கூறி, செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் எண்ணுகிறது. விளையாட்டை அறிவு, செல்வம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தமை கருதத்தக்கது. சங்க இலக்கியத்தில் விளையாட்டு என்பது ஆற்றில் நீராடுதல், பந்தாடுதல், கழங்காடுதல், மணற்பாவை செய்தல் எனத் தாமே கூடிச் செய்யும் செயல்களைக் குறித்தது. பிற்காலத்தில் இச்சொல் இறைவனின் செயலுக்கும் பெயராயிற்று. மதுரைச் சொக்கநாதரின் 64 திருவிளையாடல்களைப் பரஞ்சோதி முனிவர் பாடினார். இன்று விளையாட்டு என்றால் பெரும்பாலும் போட்டி விளையாட்டுகளே நினைவுக்கு வருகின்றன. 'விளையாட்டாகச் செய்துவிட்டான்' என்னும்போது பொறுப்பின்மை என்ற பொருளும் ஏறிக்கொண்டது.

நிகழ்த்துகலைகளைக் குறித்த பெருஞ்சொல் கூத்து. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞருக்கு வள்ளல் இருக்குமிடத்துக்கு வழிகாட்டும் பாடல்களே ஆற்றுப்படைகள். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. அவற்றுள் நான்கு கலைஞரை ஆற்றுப்படுத்துபவை. நன்னனிடம் செல்ல வழிகாட்டும் மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை என்றும் வழங்குகிறது. கலைஞரின் பசியும் கிழிந்த உடையும் இப்பாடல்களில் மறைக்கப்படவில்லை. அவர்களைப் பேணுவது அரசனின் கடமை என்பது இவற்றின் அடிப்படை. புறநானூற்றின் 335ஆம் பாடல், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரைத் தவிர வேறு குடி இல்லை என்று சொல்கிறது. துடியும் பறையும் இசைக்கருவிகள், பாணன் பாடுவோன். ஊரின் குடிகளை எண்ணும்போது கலைஞரே முன்வந்து நிற்கின்றனர்.

கூத்து பார்க்கக் கூட்டம் கூடுவது அக்காலத்தில் எல்லோரும் அறிந்த காட்சி. பெருஞ்செல்வம் சேர்வதைக் கூத்தரங்கில் கூட்டம் சேர்வதற்கும், அது நீங்குவதைக் கூத்து முடிந்ததும் அக்கூட்டம் கலைவதற்கும் உவமையாக்குகிறது திருக்குறளின் 332ஆம் குறள்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, கூத்து எத்துணை ஒழுங்குடன் பயிலப்பட்டது என்பதைக் காட்டுகிறது. ஆடலரங்கு ஏழு கோல் அகலமும் எட்டு கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அமைக்கப்பட்டது. கோல் என்பது இருபத்துநான்கு விரல் அளவினது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் இருந்தன. ஐந்து வயதில் பயிற்சி தொடங்கிய மாதவி, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் அரங்கேறித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அரசர்க்கு உரிய கூத்தை வேத்தியல் என்றும், எல்லோர்க்கும் உரியதைப் பொதுவியல் என்றும் பிரித்துச் சொல்லும் மரபும் இருந்தது. கூத்தைக் காண்போரைக் கொண்டு இரண்டாகப் பகுத்த இப்பார்வை, பிற்காலத்தில் செவ்வியல் கலை, நாட்டுப்புறக் கலை என்ற பிரிவினையில் மீண்டும் தலைகாட்டுகிறது.

கோயிலும் காணியும்

சோழர் காலத்தில் பேணும் கடமையின் பெரும்பகுதியைக் கோயில் ஏற்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, அவர்களுக்கு வீடும் நெல் வருவாயும் அளித்ததைக் கல்வெட்டு விரிவாகத் தெரிவிக்கிறது. அவர்களின் பெயர்களும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும்கூட அதில் உள்ளன. அதே கோயிலில் இராசராசேச்சுவர நாடகம் நடிப்பதற்கு ஆண்டுதோறும் நெல் வழங்கப்பட்டதை இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. கூத்துக்காணி, சாக்கைக் காணி என்ற பெயர்களில் கூத்தர்க்கு நிலம் விடப்பட்ட செய்திகளும் கல்வெட்டுகளில் வருகின்றன.

கூத்துக்காணி என்ற சொல்லை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். நிலம் இருந்ததால் கூத்து இருந்தது. பார்ப்போர் எவரும் காசு கொடுக்கவில்லை. ஊரும் கோயிலும் பொதுவாகக் கொடுத்தன. அக்கூத்து திருவிழாவின் உறுப்பு, வழிபாட்டின் பகுதி. அது பொழுதைப் போக்குவதற்கு அன்று; குறித்த பொழுதில் செய்ய வேண்டிய கடமை. மழை வேண்டி நடத்தப்படும் கூத்தும், திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதக் கதை நடிக்கும் தெருக்கூத்தும் இம்மரபின் தொடர்ச்சி. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. காணி பெற்றவர் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலுக்கும் அந்தச் சாதிக்கும் கட்டுப்பட்டிருந்தார். பேணுதலும் பிணித்தலும் ஒன்றாகவே வந்தன.

கூத்தன் கடவுள், கூத்தாடி இழிவு

தில்லையில் ஆடும் இறைவனுக்குக் கூத்தன் என்று பெயர். ஆனால் கூத்தாடி என்பது பேச்சு வழக்கில் வசைச்சொல். 'என்ன கூத்து இது', 'கூத்தடிக்கிறான்' என்னும்போது ஒழுங்கின்மையே பொருளாகிறது. 'நாடகமாடுகிறான்' என்றால் பொய் சொல்கிறான் என்று பொருள். ஒரே வேரிலிருந்து வழிபாட்டுச் சொல்லும் வசைச்சொல்லும் பிறந்திருப்பது, கலையைப் போற்றிக் கலைஞரைத் தாழ்த்திய சமூக நிலையின் அடையாளம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையைச் சார்ந்திருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வர் சதிர் ஆட்டத்தின் நிகழ்ச்சி முறையை ஒழுங்குபடுத்தினர். அந்நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கல்வி பெற்றோரிடையே சதிருக்கு எதிரான இயக்கம் சென்னையில் எழுந்தது. விருந்துகளில் வைக்கப்படும் ஆட்டம் என்ற அளவிலேயே அது பார்க்கப்பட்டது. அந்த ஆட்டக்காரியின் வாழ்வு குறித்த கேள்விகளும் எழுந்தன. முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினர். 1947இல் அதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. இதற்கிடையே 1930களில் ஈ. கிருஷ்ண ஐயர், சென்னை மியூசிக் அகாடமி, ருக்மிணி தேவி ஆகியோரின் முயற்சியால் அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் சபா மேடைக்கு வந்தது. பெயர் மாறியதும் அது கேளிக்கை என்ற நிலையிலிருந்து கலை என்ற நிலைக்கு உயர்ந்தது. ஆனால் அதைக் காத்துவந்த குடும்பங்களுள் பல அந்த உயர்வில் பங்கு பெறவில்லை.

நுழைவுச்சீட்டின் வருகை

கூத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான உறவை அடியோடு மாற்றியது நுழைவுச்சீட்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களும் மராத்தி நாடகக் குழுக்களும் தமிழகத்தில் கொட்டகையும் திரையும் கொண்ட நாடகங்களை நடத்தின. சங்கரதாஸ் சுவாமிகள் தொழில்முறைக் குழுக்களுக்கு நாடகங்கள் எழுதினார். சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்டவை பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்டன. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தோரும் வழக்கறிஞர்களும் மேடையேறலாம் என்ற நிலையை அச்சபை உருவாக்கியது. 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டத் தொடங்கினார். 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியானது.

ஆலைகளும் அலுவலகங்களும் வேலை நேரத்தை மணிக்கணக்கில் வகுத்தபோது, மீதமுள்ள நேரம் என்ற ஒன்று தனியாகத் தோன்றியது. உழவரின் ஆண்டில் ஓய்வு என்பது அறுவடைக்குப் பின் வரும் திருவிழாக் காலம். ஆலைத் தொழிலாளிக்கோ அது மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும். 1948ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியாக வரையறுத்தது. அதே ஆண்டு வெளியான உலக மனித உரிமைப் பேரறிக்கையின் 24ஆம் பிரிவு, ஓய்வையும் வேலையற்ற நேரத்தையும் மனிதரின் உரிமையாக அறிவித்தது. அந்த நேரத்தை நிரப்பும் பொருளாகப் பொழுதுபோக்கு விலைக்கு வந்தது. பொழுதுபோக்கு என்ற சொல் பொதுச்சொல்லாக நிலைபெறத் தேவையான வாழ்க்கைச் சூழல் இதுவே.

சட்டம் வகுத்த பொருள்

நுழைவுச்சீட்டு வந்தபின் அரசு இரண்டு வழிகளில் குறுக்கிட்டது. ஒன்று தணிக்கை. 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், அரசுக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடைசெய்ய வழிவகுத்தது. விடுதலைக்குப் பின்னும் 1954இல் சென்னை மாநிலம் தனி நாடகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எம். ஆர். ராதாவின் நாடகங்களே அதன் இலக்கு என்று பரவலாகக் கருதப்பட்டது. அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவை என்று அறிவித்தது. வெறும் பொழுதுபோக்கு என்று ஒருபுறம் ஒதுக்கப்பட்ட நாடகத்தை மறுபுறம் அரசு அஞ்சியது என்பதற்கு இச்சட்டங்கள் சான்று.

இரண்டாவது வரி. முதல் உலகப் போரின்போது, 1916இல், பிரிட்டன் தன் நாட்டில் கேளிக்கை வரி விதித்தது. பின்னர் இந்திய மாகாணங்களும் அதைப் பின்பற்றின. வங்கத்தில் 1922இலும் பம்பாயில் 1923இலும் இதற்குச் சட்டம் வந்தது. சென்னையில் 1926இல் உள்ளாட்சி அமைப்புகளுக்கான சட்டமும், 1939இல் மாகாணம் முழுமைக்குமான கேளிக்கை வரிச் சட்டமும் இயற்றப்பட்டன. கேளிக்கை என்ற சொல் பொதுமக்கள் நாவில் நிலைத்ததற்கு இந்த வரி ஒரு முக்கிய காரணம். இலங்கையில் இதே வரி களியாட்ட வரி என்றும் வழங்கியது.

சட்டத்துக்குக் கேளிக்கை என்பது கட்டணம் செலுத்தி நுழையும் காட்சி. குதிரைப் பந்தயமும் திரைப்படமும் அதற்கு ஒரே வகை. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 62ஆம் இனம் கேளிக்கை மீதான வரியை ஆடம்பரம், பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரிகளோடு சேர்த்தே வைத்தது. உவகையின் களங்களுள் விளையாட்டைச் செல்வத்துக்கும் அறிவுக்கும் அருகில் வைத்த தொல்காப்பியத்தின் வரிசையையும், சூதாட்டத்துக்கு அருகில் வைத்த இந்த வரிசையையும் ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாற்றம் விளங்கும். கட்டணமின்றி ஊர்ப் பொதுவில் நடந்த தெருக்கூத்து இந்த வரிக்கு உட்படவில்லை. ஆனால் சீட்டு இல்லாத அந்தக் கலையின் வருவாய் எந்த அரசுக் கணக்கிலும் ஏறவில்லை.

வரி, மொழியையும் தொட்டது. தமிழில் பெயர் வைக்கும் திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று தமிழ்நாடு அரசு 2006இல் அறிவித்தது. 'ஜில்லுனு ஒரு காதல்' என்று பெயரிடப்பட்டிருந்த படம் 'சில்லுனு ஒரு காதல்' ஆனது இந்தச் சூழலில்தான். 2016ஆம் ஆண்டின் 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 62ஆம் இனத்தைச் சுருக்கி, உள்ளாட்சி அமைப்புகள் விதிக்கும் கேளிக்கை வரியை மட்டும் அதில் விட்டுவைத்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு மேல் உள்ளாட்சி வரியும் சேர்ந்ததை எதிர்த்துத் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் சில நாள்கள் மூடப்பட்டன.

வீட்டுக்குள் வந்த காட்சி

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் தொடக்ககாலத் தலைவரான ஜான் ரீத், ஒலிபரப்பின் நோக்கங்களைச் செய்தி தருதல், கல்வி தருதல், மகிழ்வித்தல் என்ற வரிசையில் வகுத்திருந்தார். மகிழ்வித்தலுக்கு மூன்றாம் இடம். இந்திய வானொலியும் இவ்வரிசையையே பின்பற்றியது. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வந்தது. வாரம் ஒருமுறை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அண்டை வீட்டில் கூடிய தலைமுறைக்கு அதுவும் ஒரு கூட்டு நிகழ்ச்சியாகவே இருந்தது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தனியார் அலைவரிசைகள் பெருகி, மூன்றாம் இடத்தில் இருந்த மகிழ்வித்தல் முதலிடத்துக்கு வந்தது. கைப்பேசித் திரையில் பார்ப்பவர் பெரும்பாலும் தனியே பார்க்கிறார். கூத்துக்கும் கூட்டத்துக்கும் இருந்த பழைய தொடர்பு இங்கே அறுந்துவிட்டது.

இன்றைய வழக்கு

இன்றைய எழுத்திலும் பேச்சிலும் இச்சொற்கள் தனித்தனி இடங்களைப் பிடித்துள்ளன.

பொழுதுபோக்கு: நடுநிலையான பொதுச்சொல். பொழுதுபோக்குப் பூங்கா, பொழுதுபோக்கு அம்சம், பொழுதுபோக்குப் படம் எனப் பயன்படும்.

கேளிக்கை: சட்டத்திலும் செய்தியிலும் வரும். கேளிக்கை விடுதி, கேளிக்கை விருந்து என்னும் தொடர்களில் மதுவும் மிகுதியும் நினைவுக்கு வருமளவுக்குத் தாழ்ந்துள்ளது.

களியாட்டம்: தமிழ்நாட்டில் கண்டிக்கும் தொனியிலேயே பெரிதும் வருகிறது.

வேடிக்கை: 'வேடிக்கை பார்த்தல்' என்பது தலையிடாமல் ஒதுங்கி நிற்றல். 'வேடிக்கையான மனிதர்' என்பது சிரிப்பூட்டுபவர் அல்லது விந்தையானவர்.

கூத்து: தெருக்கூத்து, தோற்பாவைக் கூத்து, கணியான் கூத்து ஆகிய கலைப் பெயர்களில் மதிப்புடனும், அன்றாடப் பேச்சில் இகழ்ச்சியுடனும் வழங்குகிறது. 1977இல் ந. முத்துசாமி தம் நாடக அமைப்புக்குக் கூத்துப்பட்டறை என்று பெயரிட்டது, இச்சொல்லின் மதிப்பை மீட்கும் முயற்சிகளுள் ஒன்று. இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார்.

பெயரால் வரும் விளைவு

பெயரின் விளைவை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். தெருக்கூத்து இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும் கலை. பாரதக் கதையில் துரியோதனன் வீழும் கட்டம் விடியற்காலையில்தான் வர வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் அவ்விதி தேவையானதே. ஆயினும் விதியின் பார்வையில் தெருக்கூத்தும் திருமண வீட்டுப் பாட்டுக் கச்சேரியும் ஒன்றாகிவிடுகின்றன.

மற்றொன்று 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கம். பொழுதுபோக்கு, பண்பாட்டு, சமய நிகழ்ச்சிகள் யாவும் தடை செய்யப்பட்டன. நோய் பரவாமல் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால் தடை வந்த மாதம் மார்ச். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி ஆகியவை கூத்தர், கரகாட்டக்காரர், நாகசுரக் கலைஞர், தவில் கலைஞர், பறையிசைக் கலைஞர் ஆகியோர் ஆண்டு முழுமைக்கும் ஈட்டும் மாதங்கள். பார்ப்போருக்குப் பொழுதுபோக்கு நின்றது. நிகழ்த்துவோருக்கு உணவு நின்றது. ஒரே சொல் இரு தரப்பினருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை அவ்வாண்டு தெளிவாகக் காட்டியது.

முடிவுரை

ஆங்கிலத்தின் என்டர்டெயின்மென்ட், பேணுதல் என்ற பொருளில் பிறந்து மகிழ்வித்தலில் வந்து நின்றது. தமிழில் ஆற்றுப்படைக் காலத்தில் பரிசிலாகவும், சோழர் காலத்தில் காணியாகவும், பிற்காலத்தில் நுழைவுக் கட்டணமாகவும் பேணுதல் வடிவம் மாறியது. பொழுதுபோக்கு என்னும் சொல்லில் பார்ப்பவரின் காலம் மட்டுமே இருக்கிறது. நிகழ்த்துபவரின் உழைப்புக்கு அதில் இடமில்லை. அதற்காக அச்சொல்லை விலக்க வேண்டியதில்லை. மக்கள் வழக்கில் நிலைத்த சொல் அது. ஆனால் ஒரு கலையை 'வெறும் பொழுதுபோக்கு' என்று எழுதும்போது, யாருடைய பொழுது, யாருடைய பிழைப்பு என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. கூத்துக்காணி என்ற கல்வெட்டுச் சொல்லில் அவ்விரண்டுக்கும் விடை இருந்தது.